நெப்பியோலோவின் துவர்ப்பு: லாங்கே குன்றுகளில் இரண்டு இலையுதிர் காலங்கள்

பரோலோ வைனைப் பற்றி என் குறிப்பேட்டில் நான் முதன்முதலாக எழுதி வைத்தது "கடுக்காய்க் கஷாயம்" என்ற இரண்டே சொற்கள். வேலை நிமித்தமாக இத்தாலியின் டுரின் நகரில் இரண்டு ஆண்டுகள் தங்கியிருந்தபோது, அங்கிருந்து ரயிலேறி பிரா என்ற ஊர் வழியாக ஆல்பாவுக்குப் போய், லாங்கே என்று அழைக்கப்படும் குன்றுப் பகுதியை நானும் என் மனைவியும் முதன்முறையாகப் பார்த்த நாளில் எழுதியது அது. அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஆல்பாவில் வெள்ளை டிரஃபிள் என்னும் நிலத்தடிக் காளானின் சந்தை நடந்துகொண்டிருந்ததால் தெருக்களில் கால் வைக்க இடமில்லை. வாடகைக் கார் பிடித்து பரோலோ கிராமத்துக்குப் போனால், நாங்கள் பட்டியலிட்டு வைத்திருந்த மூன்று வைன் பண்ணைகளும் மூடிக் கிடந்தன. மணி இரண்டரையைத் தாண்டிவிட்டதால் உணவகங்களில் அடுப்பை அணைத்துவிட்டார்கள். கடைசியில், வைனை ருசி பார்க்கக் கொடுக்கும் ஒரு கடையில், வெறும் வயிற்றில், டுரினுக்குப் பேர்போன கிரிசினி என்னும் குச்சி ரொட்டியை மட்டும் கடித்துக்கொண்டு, ஆறு பரோலோக்களை அடுத்தடுத்துச் சுவைத்தேன். மூன்றாவது கோப்பையிலேயே, பச்சை வாழைப்பூவை மென்றதைப் போல ஈறும் கன்னத்தின் உட்புறமும் இழுத்துப் பிடித்துக்கொண்டன. உலகமே கொண்டாடும் வைன் இதுதானா என்ற ஏமாற்றத்தோடும், கடைக்காரர் புகழ்ந்ததை நம்பி வாங்கிய ஒரு விலையுயர்ந்த பாட்டிலோடும் ஊர் திரும்பினோம். அந்தப் பாட்டிலை அதே வாரம் திறந்து, அதையும் சோபாவில் சாய்ந்தபடி வெறுமனே குடித்து, இரண்டாவது முறையும் ஏமாந்தேன்.

பரோலோ முழுக்க முழுக்க நெப்பியோலோ என்ற ஒரே வகைத் திராட்சையில் செய்யப்படுவது. இத்தாலிய மொழியில் பனிமூட்டத்துக்கு நெப்பியா என்று பெயர். அறுவடைக் காலத்தில் இந்தக் குன்றுகளின் அடிவாரத்தை மூடும் பனிமூட்டத்திலிருந்துதான் திராட்சைக்கு இந்தப் பெயர் வந்தது என்று அங்கே பரவலாகச் சொல்கிறார்கள். சீக்கிரமே துளிர்த்துத் தாமதமாகப் பழுக்கும் பிடிவாதமான கொடி அது. வைனின் நிறத்தைப் பார்த்தால் வெளிறிய சிவப்பாக, பார்வைக்குச் சாதுவாகத்தான் இருக்கும்; ஆனால் புளிப்பும் துவர்ப்பும் உச்சத்தில் நிற்கும். அதனால்தான், அறுவடை ஆண்டின் நவம்பரிலிருந்து கணக்கிட்டுக் குறைந்தது 38 மாதங்கள் முதிர்ந்த பிறகே, அதிலும் 18 மாதங்கள் மரப்பீப்பாயில் கிடந்த பிறகே, பரோலோ என்ற பெயரில் விற்கலாம் என்று சட்டமே சொல்கிறது. ரிசெர்வா என்று எழுதிய பாட்டிலுக்கு 62 மாதங்கள். பக்கத்திலேயே அதே திராட்சையில் செய்யப்படும் பார்பரெஸ்கோவுக்கு 26 மாதங்கள் போதும். இவை குறைந்தபட்ச அளவுகள்தான். நல்ல ஆண்டில் விளைந்த பரோலோவைப் பத்து ஆண்டுகள் கழித்துத் திறப்பதே சரி என்று நினைப்பவர்கள் அங்கே நிறையப் பேர். நான் வாங்கி வந்தது நான்கு வயதுப் பிள்ளை. அறுசுவையில் ஒன்றாகத் துவர்ப்பைக் கணக்கில் வைத்திருக்கும் மொழியில் பிறந்தவனுக்கு, அந்தச் சுவை தனியாக உட்காரும் சுவை அல்ல, மற்றவற்றோடு சேர்ந்தே இலையில் இடம் பிடிக்கும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து, அலுவலக நண்பர் ஒருவர், லா மோரா ஊருக்கு அருகில் இருக்கும் தன் அம்மாவின் வீட்டுக்கு எங்களை ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். சரியாகப் பன்னிரண்டரைக்கு மேசையில் உட்கார்ந்தோம். முதலில் வறுத்த குடமிளகாய் வந்தது. பிறகு, வேகவைத்து மெல்லிய வில்லைகளாக அரிந்த கன்றிறைச்சியின்மேல் சூரைமீனும் கேப்பர் மொட்டும் அரைத்த குளிர்ந்த சாறு ஊற்றிய விதெல்லோ தொன்னாத்தோ. பிறகு கத்தியால் பொடியாகக் கொத்திய பச்சை இறைச்சி. பிறகு ரொபியோலா என்னும் ஆட்டுப்பால் சீஸ். இத்தனையும் சாப்பாடு என்று நினைத்து, ஒவ்வொன்றையும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டு, வயிறு நிறைந்துவிட்டது என்று நான் நிமிர்ந்தபோது, நண்பரின் அம்மா தட்டுகளை மாற்றத் தொடங்கினார். அதுவரை வந்தவை எல்லாம் அந்திபாஸ்தி, அதாவது சாப்பாட்டுக்கு முன்னால் வருபவை மட்டுமே. அதற்குப் பிறகு பிரிமோ என்ற முதல் உணவு, செகொந்தோ என்ற இரண்டாம் உணவு, சீஸ், இனிப்பு, காப்பி என்று வரிசை மூன்று மணிநேரம் நீண்டது. அந்தி­பாஸ்தியில் ஒரு வாய் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மறுசோறு கேட்காதீர்கள் என்பதே, டுரினும் லாங்கேயும் அடங்கிய பியட்மாண்ட் மாநிலத்தில் வீட்டு விருந்துக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம். உணவகத்தில் இந்த வரிசை முழுவதையும் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு அந்திபாஸ்தோவும் ஒரு பிரிமோவும் மட்டும் சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

வைனுக்கும் அன்று ஒரு வரிசை இருந்தது. தொடக்கத்தில் ரொயேரோ பகுதியின் வெள்ளை வைனான ஆர்னெய்ஸ். தயரின் என்னும் மெல்லிய முட்டை நூடுல்ஸ் வந்தபோது தொல்செத்தோ. பெயருக்கு "குட்டி இனிப்பு" என்று பொருள் இருந்தாலும் அதில் இனிப்பே கிடையாது, அன்றாடம் மேசையில் வைக்கும் எளிய சிவப்பு வைன் அது. ஒரு கிலோ மாவுக்கு 30 மஞ்சள் கரு, மனசு தாராளமாக இருக்கும் நாளில் 40 என்று தயரினின் கணக்கை அந்த அம்மா சொன்னார். வைனிலேயே பல மணிநேரம் ஊறி, வைனிலேயே மெல்ல வெந்த மாட்டிறைச்சியான பிரசாத்தோ மேசைக்கு வந்த பிறகுதான், காலையிலேயே திறந்து வைத்திருந்த பரோலோ பாட்டிலை நண்பர் எடுத்து வந்தார்.

ஒரு துண்டு இறைச்சி, ஒரு மிடறு வைன். கடுக்காய் எங்கே போனதென்றே தெரியவில்லை. உலர்ந்த ரோஜா, செர்ரி, மழைக்குப் பிந்தைய ஈரமண் என்று ஒவ்வொரு வாசனையாக மேலெழுந்து வந்தது. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின், நம் உமிழ்நீரில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால்தான் வாய் வறண்டு துவர்க்கிறது; இறைச்சியின் புரதமும் கொழுப்பும் வாயில் இருந்தால் டானினுக்கு அவை அகப்பட்டுவிடுகின்றன, நாக்கு தப்பித்துக்கொள்கிறது என்று பிறகு விளக்கம் கிடைத்தது. அதோடு, அந்தத் துவர்ப்பும் புளிப்பும் இறைச்சியின் கொழுப்பைக் கழுவிவிட்டு அடுத்த வாய்க்கு நாக்கைத் தயார் செய்கின்றன. ரசம் செய்யும் வேலையை அங்கே வைன் செய்கிறது என்று எனக்குத் தோன்றியது. நம் ஊரில் குடிப்பவருக்கு மதுதான் முதன்மை, சாப்பிடும் பண்டம் "சைட் டிஷ்". லாங்கேயில் வைன்தான் சைட் டிஷ். மூன்று மணிநேரத்தில் அந்த மேசையில் ஒருவர்கூட மூன்று சிறு கோப்பைகளைத் தாண்டவில்லை என்பதையும், ஒவ்வொரு கோப்பைக்குப் பக்கத்திலும் தண்ணீர்க் கோப்பை ஒன்று இருந்ததையும் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

என் மனைவி சைவம். அந்த மேசையில் அவருக்காகத் தனியாகச் சமைத்திருந்தார்கள் என்பதால் சிக்கல் இல்லை. உணவகங்களில்தான் பாடம் கிடைத்தது. "இறைச்சி இல்லாமல்" என்று கேட்டு அவர் வாங்கிய வறுத்த குடமிளகாயில் நெத்திலிச் சாறு ஊற்றியிருந்தது. அவர்களுடைய மொழியில் இறைச்சி என்றால் இறைச்சி மட்டும்தான், மீன் அதில் அடங்காது. ரிசோத்தோ என்னும் குழைவான சோறு, இறைச்சி வேகவைத்த வடிநீரில் வெந்திருக்கலாம். ப்ளின் என்ற, விரலால் கிள்ளி ஒட்டும் சின்னஞ்சிறு கொழுக்கட்டைகளின் பூரணம் பெரும்பாலும் இறைச்சிதான். எனவே பொதுவாகக் கேட்காமல், நெத்திலி உண்டா, இறைச்சி வடிநீர் உண்டா என்று பொருள்களின் பெயரைச் சொல்லியே கேட்கக் கற்றுக்கொண்டோம். முட்டை சாப்பிடுவோர் என்றால் வெண்ணெயும் சேஜ் இலையும் போட்ட தயரின் எந்த ஊரிலும் கிடைக்கும். முட்டையும் வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுவது நல்லது. கண்டிப்பான சைவர்கள், கடின சீஸ்கள் பலவற்றில் பாலைத் திரிக்கக் கன்றின் வயிற்றுச் சவ்விலிருந்து எடுத்த நொதியைச் சேர்க்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பார்மிஜானோ ரெஜ்ஜானோ அதில்தான் சேரும்.

அடுத்த இலையுதிர் காலத்தில், ஒழுங்காக மூன்று வாரங்களுக்கு முன்பே மின்னஞ்சல் அனுப்பி நேரம் கேட்டுக்கொண்டு, செரலுங்கா தால்பாவில் ஒரு சிறு வைன் பண்ணைக்குப் போனோம். பரோலோ பட்டம் 11 ஊர்களுக்குப் பொது என்றாலும் மண்ணுக்கு மண் குணம் மாறுகிறது. லா மோரா பக்கத்து வைன் சற்று மென்மையாக, செரலுங்கா பக்கத்து வைன் விறைப்பாக இருக்கும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரிந்த செய்தி. குன்றைப் பார்த்தே எங்கே எது விளைகிறது என்று சொல்ல அந்தப் பண்ணைப் பெரியவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். தெற்குப் பார்த்த சரிவில், பனி முதலில் உருகும் இடத்தில், நெப்பியோலோ. அதைவிடக் குளிர்ந்த, உயரமான இடங்களில் தொல்செத்தோ. வெயில் படாத வடக்குச் சரிவுகளில் ஹேசல்நட் மரங்கள். வெயில் படும் சரிவுக்கு அவர்களுடைய வட்டார மொழியில் "சொரி" என்று தனிச்சொல்லே இருக்கிறது. 2014இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்த அந்த அழகான காட்சிக்குப் பின்னால், ஒரு சாண் மண்ணையும் வீணாக்க முடியாமல் வாழ்ந்த ஏழைக் குடியானவர்களின் கணக்கு இருக்கிறது. போருக்குப் பிறகு இந்தக் குன்றுகளை விட்டு டுரின் தொழிற்சாலைகளுக்குப் பிழைக்கப் போனவர்கள் ஏராளம். ஊரிலேயே தங்கியவர்கள் பலருக்கு, 1946இல் ஆல்பாவில் தொடங்கப்பட்ட ஃபெரேரோ இனிப்புத் தொழிற்சாலை சோறு போட்டது. வடக்குச் சரிவு ஹேசல்நட்டும் அங்கேதான் போனது.

அறுவடை நடந்துகொண்டிருந்தது. நானும் ஒரு கத்தரியை எடுத்து உதவட்டுமா என்று ஆசையோடு கேட்டேன். "வேண்டாம். பதிவு செய்யாத ஆள் என் தோட்டத்தில் கத்தரியோடு நிற்பதை ஆய்வாளர் பார்த்தால் அபராதம் எனக்குத்தான் வரும்" என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். இணையத்தில் "அறுவடையில் கலந்துகொள்ளுங்கள்" என்று வரும் அழைப்புகளை நம்பிப் போகிறவர்கள், அது முறையாகப் பதிவு செய்யப்பட்ட ஏற்பாடா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நிலவறையில் ஆள் உயரத்தைத் தாண்டிய பெரிய பீப்பாய்கள் நின்றன. 1980களிலும் 1990களிலும், வைனைச் சீக்கிரம் மென்மையாக்கவும் புதுமர வாசனை ஏற்றவும் 225 லிட்டர் பிடிக்கும் சிறு பீப்பாய்களுக்கு மாறியவர்களுக்கும், தாத்தா காலத்துப் பெரிய பீப்பாயை விடமாட்டோம் என்றவர்களுக்கும் நடந்த சண்டை குடும்பங்களையே பிரித்திருக்கிறது. பெரியவர் இரண்டாம் கட்சி. நானும் அந்தக் கட்சிதான் என்று சொல்லிவிடுகிறேன்; வெனிலா வாசனை அடிக்கும் நெப்பியோலோவில் ஊர் தெரிவதில்லை.

அங்கே வைனைத் துப்பக் கற்றுக்கொண்டேன். இது அவமரியாதை என்று நினைத்து முதல் ஆண்டு முழுவதும் எல்லாவற்றையும் விழுங்கியிருந்தேன். ருசி பார்க்கும் மேசையில் அதற்கென்றே ஒரு பாத்திரம் இருக்கும். வாயில் சுழற்றிவிட்டு அதில் துப்புவதுதான் தொழில் தெரிந்தவர் செய்வது. கார் ஓட்டுகிறவர்களுக்கு இது கட்டாயம்: இத்தாலியில் ரத்தத்தில் ஆல்கஹாலின் வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம், உரிமம் பெற்று மூன்று ஆண்டுகள் ஆகாதவர்களுக்கும் 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பூஜ்யம். ஒரு நாளைக்கு இரண்டு பண்ணைகளுக்கு மேல் போகாதீர்கள். கட்டணம் இருந்தால் கொடுத்துவிடுங்கள். சிறு பண்ணையில் ஒன்றிரண்டு பாட்டிலாவது வாங்குவது மரியாதை.

நவம்பரில், நெப்பியோலோவுக்குச் சம்பந்தமில்லாத, ஆனால் அந்த மண்ணின் உயிரான ஒரு பண்டத்தைச் சாப்பிட்டோம். பான்யா கவ்தா என்றால் "சூடான குழம்பு" என்று பொருள். ஆலிவ் எண்ணெயில் பூண்டையும் உப்பிட்ட நெத்திலியையும் குறைந்த தணலில் கரையக் கரைய வேகவைத்து, அடியில் மெழுகுவர்த்தி எரியும் சிறு மண்சட்டியில் ஒவ்வொருவர் முன்னாலும் வைக்கிறார்கள். அதில் குடமிளகாய், முட்டைக்கோஸ், கார்டோ என்னும் முட்செடித் தண்டு ஆகியவற்றைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட வேண்டும். கடலே இல்லாத பியட்மாண்டில் நெத்திலி எப்படி வந்தது என்று கேட்டேன். லிகூரியக் கடற்கரையிலிருந்து மலைக் கணவாய்கள் வழியாக உப்பு வந்த பாதையிலேயே நெத்திலியும் வந்திருக்கிறது. மயிரா பள்ளத்தாக்கின் குடியானவர்கள், குளிர்காலத்தில் வயல்வேலை இல்லாதபோது, தள்ளுவண்டியில் நெத்திலி விற்று ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள். கருவாட்டுக் கூடையோடு உள்நாட்டு ஊர்களுக்கு நடந்த நம் வியாபாரிகள் நினைவுக்கு வந்தார்கள். ஆளுக்கு ஒரு முழுப் பூண்டு என்பது பழைய கணக்கு. அதனால் இதை வெள்ளிக்கிழமை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று நண்பர் எச்சரித்திருந்தார். சனிக்கிழமை டிராமில் எங்கள் பக்கத்து இருக்கைகள் காலியாகவே இருந்தன. இதற்குத் துணை, டானின் குறைந்து புளிப்பு மிகுந்த பார்பெரா வைன். சட்டியின் அடியில் மிஞ்சிய எண்ணெயில் ஒரு முட்டையை உடைத்துக் கிளறிச் சாப்பிட்டு முடிப்பது வழக்கம். அந்த முட்டைக்காகவே இன்னொரு முறை போகலாம்.

டிரஃபிளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளை டிரஃபிளைச் சமைப்பதில்லை; தயரின்மேலோ பொரித்த முட்டைமேலோ பச்சையாகச் சீவுவார்கள். விலை கிராம் கணக்கில் நாளுக்கு நாள் மாறும். சீவுவதற்கு முன்னும் பின்னும் உங்கள் கண்ணெதிரே தராசில் வைக்கும் இடத்தில் மட்டும் சாப்பிடுங்கள். "டிரஃபிள் எண்ணெய்" என்று சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கப்படும் பெரும்பாலான புட்டிகளின் வாசனை செயற்கையானது. அந்தக் காசுக்கு நல்ல ஹேசல்நட் கேக் இரண்டு வாங்கலாம்.

இத்தனை அக்கறையும் ஆதியிலிருந்தே இருந்ததல்ல என்பதை பிராவில் தெரிந்துகொண்டேன். 1986இல், மெத்தனால் கலந்த மலிவு வைனைக் குடித்து இத்தாலியில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிலருக்குப் பார்வை போனது. கள்ளச்சாராயச் சாவுகளின் செய்தியைப் படித்து வளர்ந்த எனக்கு, நேர்த்தியான பாட்டில்களின் நாட்டில் இது நடந்திருக்கிறது என்பது அதிர்ச்சியாக இருந்தது. அந்தக் கலப்படத்துக்கும் பரோலோவுக்கும் தொடர்பு இல்லை. ஆனாலும் பியட்மாண்டின் பெயர் கெட்டது. அளவைக் குறைத்துத் தரத்தைக் கூட்டுவதைத் தவிர வழியில்லை என்று பல விவசாயிகள் முடிவெடுத்த காலம் அது. அதே ஆண்டு ரோம் நகரின் ஸ்பானியப் படிக்கட்டு அருகே மெக்டொனால்ட்ஸ் திறக்கப்பட்டதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் பிராவைச் சேர்ந்த கார்லோ பெத்ரீனி. அந்த எதிர்ப்பிலிருந்து வளர்ந்த ஸ்லோ ஃபுட் இயக்கம் 1989இல் பாரிஸில் தன் கொள்கை அறிக்கையை வெளியிட்டது; 2004இல் பக்கத்து ஊரான பொலென்சோவில் உணவுக்கென்றே ஒரு பல்கலைக்கழகத்தைத் திறந்தது. இப்போது பாட்டில் வாங்கும்போது கழுத்தில் வரிசை எண்ணோடு ஒட்டியிருக்கும் அரசு முத்திரைச் சீட்டைப் பார்த்தே வாங்குகிறேன். பரோலோவும் பார்பரெஸ்கோவும் அந்தச் சீட்டு குறிக்கும் உயர்ந்த சான்றிதழை 1980இல் பெற்றவை.

டுரின் வீட்டில் நான் செய்த சோதனைகளையும் சொல்ல வேண்டும். மட்டன் சுக்காவோடு பரோலோ குடித்துப் பார்த்தேன். டானினும் 14 சதவீத ஆல்கஹாலும் மிளகாயின் எரிச்சலை இரட்டிப்பாக்கின, இரண்டுமே பாழாயின. நம் காரத்துக்கு அந்த ஊரில் பொருந்தியது மொஸ்காத்தோ தாஸ்தி ஒன்றுதான். ஐந்து சதவீத அளவே ஆல்கஹால் உள்ள, இலேசாக நுரைக்கும் அந்த இனிப்பு வைன் காரத்தைத் தணித்துவிடுகிறது. இனிப்போடு குடிக்க வேண்டியதைச் செட்டிநாட்டுக் கோழியோடு வைத்ததைப் பார்த்து நண்பர் தலையில் அடித்துக்கொண்டார், பிறகு அவரும் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தயிரும் மிளகும் மட்டும் சேர்த்து, மிளகாய் இல்லாமல் மெல்ல வேகவைத்த ஆட்டுக்கால் ஓரளவுக்கு நெப்பியோலோவை ஏற்றுக்கொண்டது.

ஊர் திரும்பும்போது 2016 அறுவடையின் பரோலோ இரண்டு பாட்டில்கள் வைத்திருந்தேன். இந்தியாவுக்குள் ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை மது தீர்வையின்றிக் கொண்டுவரலாம் என்பதால் சட்டச் சிக்கல் இல்லை. ஆனால் பதினான்கு, பதினைந்து டிகிரிக் குளிரில் இருட்டில் படுத்திருக்க வேண்டிய பாட்டிலைச் சென்னை வெயிலில் எந்த அலமாரியில் வைப்பது? ஒன்றை வந்த மாதமே, வெங்காயமும் பட்டையும் போட்டு மெல்ல வேகவைத்த இறைச்சியோடு திறந்து முடித்துவிட்டோம். இன்னொன்றை, நாங்கள் கிளம்பும் முன்பே நண்பரின் அம்மா எங்களிடமிருந்து வாங்கிக்கொண்டு தன் நிலவறையில் படுக்க வைத்து, அதன்மேல் எங்கள் பெயரை எழுதிய காகிதம் ஒன்றை நூலால் கட்டியிருக்கிறார். சென்ற மாதம் தொலைபேசியில் பேசியபோது, அதை எப்போது திறக்கலாம் என்று கேட்டேன். "அது இன்னும் தூங்கட்டும். நீங்கள் வரும் தேதியை மட்டும் இரண்டு நாள் முன்னால் சொல்லுங்கள், இறைச்சியை ஊறப்போட வேண்டும்" என்றார்.